ஆறாவது வாரத்தில் ஒரு கோடு

நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களை வரவேற்பறை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். என்னையும் சொன்னார்கள். ஒன்பது வருஷமாக அந்தப் பெஞ்சில் குழந்தைகள் துப்பியதையும் கொட்டியதையும் துடைத்தவள் நான். அதன் இடது கால் ஆடும் என்று தெரியும், அதனால் வலது ஓரத்தில் உட்கார்ந்தேன். இடது ஓரத்தில் டை கட்டிய ஓர் இளைஞன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துக்குப் பக்கம் பெஞ்சு அவனை ஒரு ஆட்டு ஆட்டியது. இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று காலையிலிருந்தே எனக்கு யார் மேலும் நல்ல எண்ணம் இல்லை.

பேச்சு வராத குழந்தைகள், பேச்சு வந்தும் அடங்காத குழந்தைகள் எல்லாரும் வருகிற பயிற்சி மையம் அது. காலியாக இருந்தது நடத்தைச் சிகிச்சையாளர் வேலை. நான் அங்கே உதவியாளர். உதவியாளருக்கு வேலை எண்ணுவது. எந்தக் குழந்தை எத்தனை தடவை அடித்தது, கடித்தது, கத்தியது என்று எண்ணித் தாளில் எழுதித் தர வேண்டும். அங்கே எல்லாருக்கும் நான் மீட்டர் அக்கா. இப்படியே மீட்டராகச் சாக வேண்டாம் என்று நாற்பது வயதுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் நான்கு வருஷம் படித்துப் பட்டம் வாங்கினேன். இந்த வயசுல படிச்சு மந்திரியாகப் போறியா என்று என் நாத்தனார் கேட்டாள். மந்திரி பதவி எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரு கையெழுத்து.

எங்கள் மையத்தில் ஒரு குழந்தைக்கான திட்டத்தை நிறுத்துகிற கையெழுத்து சிகிச்சையாளருக்குத்தான் உண்டு. இயக்குநரே எழுதிய திட்டமாக இருந்தாலும் சிகிச்சையாளர் நிறுத்தலாம். உதவியாளர் கையெழுத்துக்கு எண்ணிக்கைத் தாளின் அடியில் ஒரு விரல்கடை இடம், அவ்வளவுதான்.

நிறுத்த வேண்டிய திட்டம் ஒன்று இருந்தது. எறும்பு என்று நாங்கள் கூப்பிடுகிற நாலு வயதுக் குழந்தை. எப்போதும் சுவரோரமாகவே நடப்பாள். மூன்று வாரமாக மதியச் சாப்பாடு முடிந்த கால் மணி நேரத்தில் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நாளும் கடித்ததில்லை. என் தாளில் நேரத்தோடு இருக்கிறது. அதை யார் பார்த்தார்கள்? இயக்குநர் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, கவனத்தை ஈர்க்கத்தான் கடிக்கிறாள் என்று முடிவு கட்டி, திங்கட்கிழமையிலிருந்து கண்டுகொள்ளாமைத் திட்டம் என்று எழுதிவிட்டார். அவள் அம்மா அன்று மதியம் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வருவதாக இருந்தது. புதிதாக வரும் சிகிச்சையாளருக்கு முதல் குழந்தை எறும்புதான்.

கண்டுகொள்ளாமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதன் படம்தான் பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

அது பம்பரம் என்று நாங்கள் கூப்பிடுகிற குழந்தையின் வரைபடம். ஏழு வயதுப் பெண், பேச்சு கிடையாது, சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே சுற்றுவாள். ஒரு நாள் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தன் முஷ்டியால் கன்னத்தில் குத்திக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரு வாரம் எண்ணினோம். இரண்டாவது வாரம் இயக்குநர் திட்டம் எழுதினார். குழந்தை தன்னை அடித்துக்கொள்ளும்போது யாரும் அவளைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது. கைக்குப் பஞ்சு உறை மாட்டிவிட்டு, உதவியாளர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பார்க்காமல் எப்படி எண்ணுவது? சத்தத்தை வைத்துத்தான். என் மேலங்கிப் பையில் ஒரு கிளிக்கர், அழுத்த அழுத்த எண் கூடுகிற சின்னக் கருவி, இருக்கும். தொப்பென்று கேட்டால் கட்டைவிரலால் ஓர் அழுத்து.

அந்த வாரமே நான் இயக்குநரிடம் சொன்னேன், எப்போதும் இடது கன்னத்திலேயே குத்துகிறாள், பல் வலியாக இருக்குமோ என்று. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மதித்திருப்பேன். சிரித்தார்.

“நீங்க எண்ணுங்கக்கா. யோசிக்கிறதை நாங்க பார்த்துக்கறோம்.”

எண்ணினேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டாக இருந்தது பதினாலாகி, நாலாவது வாரம் இருபத்திரண்டுக்குப் போனது. இயக்குநருக்கு ஒரே உற்சாகம். குறைவதற்கு முன்னால் ஒரு தடவை கூடும், திட்டம் வேலை செய்கிறது என்று எல்லாரையும் கூட்டி இனிப்புக் கொடுத்துச் சொன்னார். பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது, நானும் படித்துத் தேர்வு எழுதினேன். ஆனால் கூடினாலும் வெற்றி, குறைந்தாலும் வெற்றி என்றால் அது என்ன ஆட்டம்? பூ விழுந்தால் நான் ஜெயித்தேன், தலை விழுந்தால் நீ தோற்றாய் என்கிற கதைதான்.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை பம்பரம் வரவில்லை. புதன்கிழமை வந்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். காலை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. பஸ் ஓட்டுகிற அவள் அப்பா வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி அனுப்பியிருந்தார். கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்துப் பல் டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார். மயக்க மருந்து கொடுத்து இரண்டு கடைவாய்ப் பல்லை எடுத்திருக்கிறார்கள். அன்றையிலிருந்து எண்ணிக்கை பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத்தான் இயக்குநர் சட்டம் போட்டு மாட்டினார். மையத்தின் விளம்பரத் தாளில் அட்டைப்படமாகப் போட்டார். இரண்டு மாநாடுகளில் காட்டிக் கைதட்டல் வாங்கினார். முதுகைக் காட்டி நான் எண்ணியவை மொத்தம் முந்நூற்று நாற்பத்தொன்று. வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. குழந்தையின் வாழ்க்கையில் என்ன மாறினாலும், புது மருந்தோ, புது வீடோ, புது ஆசிரியையோ, அந்தத் தேதியில் வரைபடத்தில் ஒரு நெடுக்குக் கோடு இழுத்து என்ன மாறியது என்று எழுத வேண்டும். சுவரில் தொங்கிய படத்தில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. திட்டம் தொடங்கிய நாள்.

லிஃப்ட் பழுது பார்க்கிற என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியும். லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருக்கிறவர் எத்தனை தடவை கதவைத் தட்டினார் என்றா எண்ணிக்கொண்டிருப்போம், திறந்து பார்க்க மாட்டோமா என்று அப்போதே கேட்டவர். அப்படிப்பட்டவரே அன்று காலையில் வேறு மாதிரி பேசினார்.

“உள்ள போய் பழசைக் கிளறாதே. முதல்ல வேலையை வாங்கு. கையெழுத்து உன் கைக்கு வந்ததும் அந்தப் பாப்பாவோட திட்டத்தைக் கிழிச்சுப் போடு. ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்க மாட்டியா?”

சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன். வாயைத் திறக்காமல் இருந்தால் திங்கட்கிழமை எறும்பு பிழைப்பாள். கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.

டை கட்டிய இளைஞனை முதலில் கூப்பிட்டார்கள். கதவு சரியாக மூடாது, அதுவும் எனக்குத் தெரிந்த பழுதுதான். ஆரம்பத்தில் கூடியிருப்பது எதிர்பார்த்ததே, பிறகு சரிந்திருப்பது திட்டத்தின் வலிமையைக் காட்டுகிறது என்று அவன் ஒப்பிப்பது வெளியே கேட்டது. எந்தப் படத்தைப் பற்றி என்று எனக்கு உடனே புரிந்தது.

உள்ளே போனேன். தேர்வைக் கவனிப்பு அறையில் வைத்திருந்தார்கள், பம்பரத்தை வைத்திருந்த அதே அறை. அதன் சுவரில் பெயின்ட் உரிந்த இடம் ஒன்று செருப்பு வடிவத்தில் இருக்கும். நாலு வாரத்துக்கும் மேலாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குப் போட்டிருந்த நாற்காலிக்கு நேர் எதிரே, இயக்குநரின் தலைக்கு மேல் அந்தச் செருப்பு இருந்தது. பொருத்தமாகத்தான் இருந்தது.

மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். இயக்குநர், அவர் பக்கத்தில் வெளியிலிருந்து தேர்வுக்காக வரவழைத்த வயதான டாக்டரம்மா. மதிய வகுப்புக்கு ஓட வேண்டும் என்பதால் நான் மேலங்கியைக் கழற்றாமல் வந்திருந்தேன். இயக்குநர் என்னை டாக்டரம்மாவுக்கு அறிமுகப்படுத்தினார். நம்ம அக்கா, தினம் கையில் டீயோடு வருவார், இன்றைக்குச் சர்டிபிகேட்டோடு வந்திருக்கிறார் என்றார். அவரே சிரித்துக்கொண்டார். நானும் பல்லைக் காட்டினேன். எறும்புக்காக என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு தாளை நீட்டினார். பம்பரத்தின் பெயரை எடுத்துவிட்டு ‘குழந்தை அ’ என்று போட்டிருந்தார். பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று விளக்க வேண்டும். அந்தப் புள்ளிகளை எண்ணிக் கொடுத்தவளிடமே அதை நீட்டுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மறந்துபோயிருந்தார். மறப்பதற்குக்கூட முதலில் ஆளை ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும்.

ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். முதல் வாரம் திட்டத்துக்கு முந்தைய அளவு, இரண்டாவது வாரம் திட்டம் தொடங்கியது, நாலாவது வாரம் எண்ணிக்கை உச்சிக்குப் போனது என்று புத்தகம் மாதிரியே சொல்லிக்கொண்டு வந்தேன். இயக்குநர் தலையாட்டினார். எனக்கு வேலை கிடைத்துவிடும் என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. ஆறாவது வாரத்துக்கு வந்தேன். தாளிலிருந்து நிமிர்ந்தபோது சுவரில் அந்த உரிந்த இடம் கண்ணில் பட்டது. என் முதுகுக்குப் பின்னால் தொப் என்று கேட்ட மாதிரி இருந்தது.

மேலே சொல்லுங்கம்மா என்றார் டாக்டரம்மா.

மேஜையிலிருந்த பென்சிலை எடுத்தேன். ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமைக்கு நேராக மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். அதன் பக்கத்தில் ‘பல் எடுத்த நாள்’ என்று எழுதித் தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினேன்.

“காக்கா உட்கார்ந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. நீங்க காக்காவை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கீங்க சார்.”

அதற்கப்புறம் என்னை நிறுத்த யாராலும் முடியவில்லை. வாய் பேசாத பிள்ளை, எங்கே வலிக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும், இடத்தைக் குத்திக் குத்திக் காட்டினாளே என்றேன். இருபத்திரண்டு தடவை காட்டிய நாளில் நாம் இனிப்புச் சாப்பிட்டோம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணாடிக்குள் வைத்து மறைத்ததை இங்கேதான் பார்த்தேன் என்றேன். என் குரல் வரவேற்பறை வரைக்கும் கேட்டிருக்கும்.

இயக்குநர் நிதானமாகத்தான் இருந்தார். ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்றார். ஆதாரம் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது, இரண்டாவது தட்டு, பச்சை அட்டைக் குறிப்பேடு, நானே எடுத்து வருகிறேன், தினம் எல்லாவற்றையும் நான்தானே எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் எடுத்து வந்தேன். டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் தேடிப் படித்தார். பம்பரத்தின் அப்பாவுடைய எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். இரண்டு கடைவாய்ப் பல் எடுத்தாயிற்று, உள்ளே சீழ் இருந்ததாம், பல வாரமாக வலித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார், இரண்டு நாளைக்குக் குழைந்த சாப்பாடு மட்டும் கொடுக்கவும். அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

படித்து முடித்த பிறகும் டாக்டரம்மா பக்கத்தை மூடவில்லை. விரலால் அடியில் தொட்டார்.

“இங்க ‘பார்த்தேன்’னு ஒரு கையெழுத்து இருக்கே. யாரோடது?”

“என்னோடது.”

“எட்டு மாசம் ஆச்சு. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?”

அந்த அறையில் என் கோபம் ஒன்றுதான் நேர்மையான சாமான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் தெரியும். அந்தப் பதிலோடுதான் எட்டு மாதமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். என் படிப்புக்கு ஐந்நூறு மணி நேரப் பயிற்சிச் சான்று வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் இயக்குநர். குறிப்பேடு வந்த வாரத்தில் அந்தச் சான்று அவர் மேஜையில் இருந்தது. குறிப்பேட்டை அவரே பார்த்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்க மாட்டார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பம்பரத்துக்குத்தான் வலி போய்விட்டதே, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் சொல்லிக்கொண்டேன். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் டாக்டரம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது. இயக்குநர் மேல் இருந்ததைவிட என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

இயக்குநருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. குழந்தை சம்பந்தப்பட்ட தகவலை மறைத்தவர், இப்படிக் கத்துகிறவர், இவரிடம் எப்படிக் குழந்தைகளை ஒப்படைப்பது என்று டாக்டரம்மாவிடம் வருத்தப்பட்டார். டாக்டரம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் குறிப்பேட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டார். இது என்னிடம் இருக்கட்டும் என்றார். இயக்குநரின் முகம் அப்போதுதான் முதல் தடவையாகச் சுருங்கியது. பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு இந்த வேலை வேண்டாம்னுதான் நான் எழுதுவேன். கோபப்பட்டதுக்காக இல்ல. எட்டு மாசம் கோபப்படாம இருந்ததுக்காக.”

நியாயம் என்று பட்டது. நியாயமாகப் பட்டதால் இன்னும் எரிந்தது. எறும்பைப் பற்றிக் கேட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகுதான் கடிக்கிறாள், வயிறாக இருக்கலாம், திங்கட்கிழமைத் திட்டத்தையாவது நிறுத்தி வையுங்கள் என்றேன். ஆள் எடுப்பதற்கு மட்டும்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், திட்டத்தில் கைவைக்கத் தனக்கு அதிகாரமில்லை, மேலிடத்துக்கு எழுதத்தான் முடியும் என்றார் டாக்டரம்மா. எழுதிப் பதில் வர எத்தனை வாரம் ஆகும் என்று நான் கேட்கவில்லை. வாரக்கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். திட்டம் திட்டமிட்டபடி நடக்கும் என்று சொல்லிவிட்டு இயக்குநர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

வெளியே வந்தேன். பெஞ்சின் இடது ஓரத்தில் எறும்பின் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் சம்மதப் படிவம். பெஞ்சு ஆடியதில் கையெழுத்து சரியாக விழாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, அந்தப் பெஞ்சின் காலை நான் ஒன்பது வருஷமாகச் சரிசெய்யச் சொல்லியும் யாரும் சரிசெய்யவில்லை. பக்கத்தில் காலி சாப்பாட்டு டப்பா. எறும்பு எதிர்ச் சுவரோரமாக, சட்டம் போட்ட படத்துக்குக் கீழே நடந்துகொண்டிருந்தாள்.

“கையெழுத்துப் போடாதீங்க. முதல்ல வயித்து டாக்டர்கிட்ட காட்டுங்க. சாப்பிட்டப்புறம்தான் கடிக்கிறா. மூணு வாரத்துக்கும் மணி போட்டு எழுதி வெச்சிருக்கேன்.”

அவர் என் மேலங்கியைப் பார்த்தார். கவனத்துக்காகச் செய்கிறாள் என்றுதானே சார் சொன்னார் என்று கேட்டார். போன தடவையும் அப்படித்தான் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன் என்றேன்.

“நீங்கதான் புது தெரபிஸ்ட்டா?”

“இல்லம்மா. நான் எண்ணுறவ.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஏன் வர வேண்டும்? அறைக்குள் கோட்டு போட்ட சார் ஒன்று சொல்கிறார், வாசலில் மேலங்கி போட்டவள் ஒன்று சொல்கிறாள். பேனா இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அப்போது எறும்பு நின்றாள். வலது மணிக்கட்டு மெதுவாக வாய்க்குப் போனது.

பைக்குள் கிளிக் என்று கேட்டது.

என் கட்டைவிரல்தான். யாரும் சொல்லாமல் தானாகவே அழுத்தியிருந்தது. கிளிக்கரை வெளியே எடுத்துப் பார்த்தேன், ஒன்று என்று காட்டியது. ஒன்பது வருஷம் என்னை என்னவாக ஆக்கி வைத்திருக்கிறது என்று அந்த ஒன்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு எறும்பிடம் போய் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். கடிக்கிற கையைப் பிடித்தேன். மற்றொரு கை, யாரும் இதுவரை எண்ணாத கை, நெஞ்சுக்குழிக்குக் கீழே வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

இங்கே வந்து பாருங்கள் என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்தச் சின்னக் கையை எடுத்துவிட்டுத் தன் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து மெல்ல அழுத்தினார். எறும்பு கடிப்பதை விட்டுவிட்டு வாயைத் திறந்து அழுதாள்.

படிவம் பெஞ்சிலிருந்து நழுவிக் கீழே விழுந்து கிடந்தது. கீழே எது விழுந்தாலும் ஓடிப்போய் எடுக்கிறவள் நான். அன்று எடுக்கவில்லை.